முக்காதவள்

கிரான் என்ற ஊரில் ஆச்சிப்பிள்ளையின் மூத்த மகள் சின்னத்தங்கத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே அதைச் சொன்னவர்கள் குறைவு. வாய்க்காலில் தண்ணீர் திருப்பும் சண்டை ஒன்றில், பக்கத்து வயற்காரி ஒருத்தி மட்டும் சொன்னாள்.

"வயித்துப் புள்ளய முக்காமச் சாகடிச்சவள், தண்ணிக்கு மட்டும் முன்னுக்கு வாறாள்."

சின்னத்தங்கம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்று அவர்களுடைய வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை.

அந்தப் பெயர் வந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு வைகாசியில். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அருமைநாயகம் அவளைக் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆச்சிப்பிள்ளை காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெண்களையும் எட்டு ஏக்கர் வயலையும் தனி ஆளாகக் கட்டிக் காத்தவள். வயல்வெளியான வட்டையில் அவள் குரல் கேட்டால் கூலிக்கு வந்தவர்கள் இடுப்பை நிமிர்த்தமாட்டார்கள். வீட்டிலும் அந்தக் குரல்தான்.

விடிந்து மாடு அவிழ்க்கிற நேரத்தில் சின்னத்தங்கத்துக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது. வெயில் ஏறுமுன் சந்திவெளியிலிருந்து மருத்துவிச்சி இரத்தினம்மா வந்து சேர்ந்தாள். நெடுத்த, வாயடங்கிய மனுஷி. கையில் நல்லெண்ணெய் பூசிப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டுச் சுவரோரம் குந்தி வெற்றிலையை மடித்தாள். அறைக் கதவடியில் ஆச்சிப்பிள்ளை நின்றாள். அவளுடைய தம்பி நின்றார். அயல் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அனல் காற்று கிடுகு இடுக்கால் புழுதியைக் கொண்டுவந்து கொட்டியது. ஏன் சும்மா கிடக்கிறாள் என்று ஆச்சிப்பிள்ளை கேட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். அவளுடைய தம்பி, ஏறாவூரில் கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாளாம், வண்டியைப் பூட்டட்டுமா என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இரத்தினம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து, கூரை வளையில் கட்டியிருந்த கயிற்றைச் சின்னத்தங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"முக்கு புள்ள" என்றாள்.

சின்னத்தங்கம் முக்கினாள். எங்கே முக்குவது, எதைத் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நோவு இடுப்பைச் சுற்றி வந்தது. ஆனால் கீழே ஒன்றும் நகரவில்லை. மண்சுவரை நெற்றியால் தள்ளுவதுபோல இருந்தது. கயிற்றைப் பிடித்து, மூச்சை அடக்கி, கண் பிதுங்க முக்கினாள். நோவு விட்ட இடைவெளியிலும் முக்கச் சொன்னார்கள். பொழுது சாய்ந்தபோது குரல் போய்விட்டது. கண்ணின் வெள்ளையில் இரத்தம் கட்டிவிட்டது. மறுநாள் காலையில் கயிற்றைப் பிடிக்கக் கை மூடவில்லை. நோவுக்கு நடுவில் உறங்கி விழுந்தாள். தாய் தொடையில் அறைந்து எழுப்பினாள். ஊரில் எத்தனை பேர் பெறவில்லை, இவளுக்கு மட்டும் என்ன சொகுசு என்று அயல் பெண்கள் வெளியே பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்டது. கடைசியில் உண்மையான முக்கல் வந்தபோது அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. வந்தது போயிற்று, திரும்ப வந்தது போயிற்று.

மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஆண். நிறைந்த உடம்பு, தலை நிறைய மயிர். முகம் நீலம் பாரித்திருந்தது. இரத்தினம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒரு துணியில் சுற்றி மூலையில் வைத்தாள்.

ஆச்சிப்பிள்ளை அழவில்லை. கதவடியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"எண்ட மகளுக்கு முக்கத் தெரியல்ல. என்ன செய்ய?"

அவ்வளவுதான். அந்தச் சொல் பொழுதுபடுமுன் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இரத்தினம்மா குனிந்து துணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். 

அருமைநாயகம் பிள்ளையை வட்டைக்குப் போகும் வழியில், ஒரு மருதமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். மண் ஒட்டிய கையோடு அவள் பக்கத்தில் இருந்தான். நல்லவன், அவளை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னான்.

"கொஞ்சம் தெண்டிச்சிருக்கலாம் புள்ள."

சின்னத்தங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளும் அதை நம்பினாள். இன்னும் கொஞ்சம் முயன்று தெண்டித்திருந்தால், அந்த உறக்கம் வராமல் இருந்திருந்தால், பிள்ளை அழுதிருக்கும் என்று நம்பினாள். பால் கட்டிக் காய்ச்சல் எடுத்தது. பால் வற்ற ஆறு நாள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள்.

இரண்டாவது பேறு முப்பத்துமூன்று மாசியில். சூடு மிதிக்கிற நாட்கள். வட்டையில் நெற்கதிர்க் குவியலை மிதித்துக்கொண்டு மாடுகள் சுற்றி நடந்துகொண்டிருந்தன. பத்துப் பேருக்குச் சோறும் கணையான் மீன் குழம்பும் ஆக்கிக்கொண்டு சின்னத்தங்கம் அங்கேயே காவல் குடிலான வாடியில் தங்கியிருந்தாள். வயிறு நிறைந்திருந்தாலும் இன்னும் பத்து நாள் கிடக்கிறது என்றுதான் நினைத்தார்கள். உலை கொதிக்கும்போது இடுப்பில் பிடித்தது. அரிசியைப் போட்டாள். மறுபடி பிடித்தது. கஞ்சியை வடித்துவிட்டு, வாடிக்குள் போய்ப் பாயை விரித்தாள். அருமைநாயகம் தோணியில் ஆற்றைக் கடந்து மருத்துவிச்சியைக் கூட்டிவர ஆள் அனுப்பினான்.

தனியே கிடந்தபோது அவளுக்குப் பயம் பிடித்தது. இந்த முறையும் முக்கத் தெரியாமல் போகுமோ என்ற பயம். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் அது வந்தது. வாந்தியை யாரும் வரவழைப்பதில்லை; குடலைப் பிரட்டிக்கொண்டு தானாக வரும். அதுபோல உடம்பு முழுவதும் மடிந்து கீழே தள்ளியது. வெளியே ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்ற கூச்சத்தில் அவள் அதை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. அவளிடம் கேட்காமலே மறுபடி தள்ளியது. மாட்டின் தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது. நாலாவது தள்ளலில் பிள்ளை பாயில் கிடந்து அழுதது. பெண். மாடு ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்திவிட்டு வாடியைப் பார்த்து நின்றான்.

சின்னத்தங்கம் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.  நான் முக்கவில்லை, அதுதான் முக்கியது என்று அவளுக்கு விளங்கியது. அப்படியானால் முதல் பிள்ளைக்கு அது வருமுன்னமே ஏன் முக்கச் சொன்னார்கள்? வரும்வரை ஏன் யாரும் காத்திருக்கவில்லை?

முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்து வீட்டுக்கு வந்ததும் இதைத் தாயிடம் சொன்னாள். ஆச்சிப்பிள்ளை நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

"ரெண்டாம் புள்ள எண்டா வழுக்கித்துத்தான் வரும். அதுக்கு நீ என்ன செஞ்ச?"

செத்த பிள்ளை அவளுடைய குற்றம். உயிரோடு வந்த பிள்ளைக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. சின்னத்தங்கம் அதற்குப் பிறகு அந்தப் பேச்சைத் தாயிடம் எடுக்கவில்லை. முப்பத்தைந்தில் ஒரு ஆண் பிறந்தான். அவனும் அப்படியே வந்தான். ஊர்ப் பெயர் மட்டும் போகவில்லை.

தங்கை கண்ணகை அவளைவிட ஏழு வயது இளையவள். தாயின் சாயல், தாயின் குரல். வல்லிபுரம் என்ற வண்டிக்காரன் அவளைக் கலியாணம் முடித்திருந்தான். முப்பத்தேழு மார்கழியில் அவளுக்கு முதல் பேறு. ஒரு கிழமையாக மழை விடவில்லை. ஆறு கரை மீறி, வட்டைக்குள் வெள்ளம் நின்றது. ஆம்பிளைகள் இருவரும் வரம்பு உடையாமல் காக்கப் போயிருந்தார்கள். வீட்டில் அடுப்பு பிடிக்கவில்லை. ஈர விறகை ஊதி ஊதிச் சின்னத்தங்கத்தின் கண் சிவந்திருந்தது. விடிய கண்ணகைக்கு நோவு கண்டது. தோணியில் இரத்தினம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவளுக்கு மயிர் நரைத்திருந்தது. அதே எண்ணெய், அதே பார்வை, அதே வெற்றிலை. கதவடியில் அதே ஆச்சிப்பிள்ளை.

"ஏன் சும்மா கிடக்காள்?" என்று ஆச்சிப்பிள்ளை கேட்டாள்.

கண்ணகை தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அக்கா, உன்னப்போல நானும் முக்காம விட்டிருவனோ?"

அது சின்னத்தங்கத்துக்குச் சுட்டது. ஆனால் அந்தக் கண்களில் இருந்த பயத்தையும் பார்த்தாள். எழுந்து வெளியே வந்தாள். தாயிடம் பேசியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தனக்கு நோவு கண்ட அன்று கோயிலில் யாரும் நேர்ந்துகொள்ளவில்லை, அதுதான் குறையோ என்று மனசு சொல்கிறது என்றாள். கண்ணகைக்காவது அம்மன் கோயிலில் ஒரு மஞ்சள் துணி கட்டி நேர்ந்துவிட்டு வரவேண்டும். அதைப் பெற்ற தாய்தான் செய்யவேண்டும் என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தாயை ஏமாற்றினாள். ஆச்சிப்பிள்ளைக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓலைக் குடையோடு வெள்ளத்துக்குள் இறங்கினாள். போய்வர மத்தியானமாகும்.

சின்னத்தங்கம் அயல் பெண்களையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இரத்தினம்மா கயிற்றில் கை வைத்திருந்தாள்.

"மாமி, கயித்த விடுங்க. இப்ப முக்க வேணாம்" என்றாள் சின்னத்தங்கம்.

மருத்துவிச்சி சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தாள். அதற்கு மனசைத் திடப்படுத்தியும் வைத்திருந்தாள். இரத்தினம்மா கயிற்றை விட்டாள்.  சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அது அவ்வளவு சுலபமாக நடந்தது சின்னத்தங்கத்துக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அவள் தங்கையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இடுப்பை எண்ணெய் போட்டு உருவினாள். மல்லிச் சுடுதண்ணீர் பருக்கினாள். நோவு வரும்போது மூச்சை விடச் சொன்னாள். விட்டதும் கண்ணை மூடச் சொன்னாள். கண்ணகை இடையிடையே குறட்டை விட்டு உறங்கினாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. உறக்கத்திலிருந்து விழித்து, முக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள்.

"வேணாம். அது தானா வரும். வந்தா உன்னால நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்ட ஏலாம இருந்தா, அப்ப முக்கு" என்றாள் சின்னத்தங்கம்.

உச்சிப்பொழுதில் கண்ணகையின் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சின்னத்தங்கம் அதை அறிவாள். இரத்தினம்மாவும் காலை மடக்கி எழுந்தாள். இரண்டு பேரும் அவளைக் குந்தவைத்துப் பிடித்தார்கள். உடம்பு தள்ளத் தொடங்கியது. தலை தெரிகிற சமயத்தில் கதவை உதைத்துத் திறந்துகொண்டு, நெற்றியில் திருநீறு கரைந்து வழிய, ஆச்சிப்பிள்ளை உள்ளே வந்தாள்.

"முக்கு மகள்! முக்கு!" என்று கத்தினாள்.

மூன்று முக்கலில் பிள்ளை வந்துவிட்டது. ஆண். வீடு அதிர அழுதான்.

ஆச்சிப்பிள்ளை பார்த்தது அந்த மூன்று முக்கலைத்தான். கதவுக்கு வெளியே மழையில் கூடியவர்கள் கேட்டதும் அதைத்தான்.

நாலாம் நாள் பிள்ளை பார்க்கப் பெண்கள் வந்திருந்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட இரத்தினம்மாவும் வந்திருந்தாள். கண்ணகை சாய்ந்திருந்து, பால்சுறாவும் பூண்டும் போட்ட பத்தியச் சரக்குக்கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவள் சின்னத்தங்கம். அம்மன் கைவிடவில்லை, இரத்தினம்மாவின் கை ராசியான கை என்று ஆச்சிப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளைக்கு இவ்வளவு சுறுக்காகப் பெற்றுவிட்டாயே என்று வந்தவர்களில் ஒருத்தி கண்ணகையைக் கேட்டாள். கண்ணகை சிரித்தாள். பெருமையில் முகம் மினுங்கியது.

"நான் அக்காவப்போல இல்ல. அம்மா முக்கு எண்டாங்க. மூண்டு முக்குத்தான்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். விடியலிலிருந்து மத்தியானம்வரை அவளை உறங்கவைத்துக் காத்திருந்தது அவள் நினைவில் உறக்கமாகவே போய்விட்டது. பெண்கள் சின்னத்தங்கத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். சின்னத்தங்கம் இரத்தினம்மாவைப் பார்த்தாள். அவள் பிள்ளையின் காதில் ஏறிய தண்ணீரைத் துணிமுனையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

வழக்கப்படி மருத்துவிச்சிக்கு அரிசியும் தேங்காயும் சேலையும் கொடுத்து அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைவரை போனவள் சின்னத்தங்கம். மழை வெளுத்து, சேற்றில் வெயில் அடித்தது. தோணிக்காரன் அக்கரையில் நின்றான். காத்து நிற்கும்போது சின்னத்தங்கம், அன்றைக்குக் கயிற்றை விடச் சொன்னதும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். இரத்தினம்மா ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

"கருவாசல் திறக்கல்ல. திறக்காம முக்கினா வீங்கித்துப் போகும். அது தெரியாமலா நான் இத்தனை புள்ள எடுத்தன்?"

"எண்ட மூத்த புள்ள பிறக்கக்குள்ளயும் இது தெரியுமா மாமி?"

"தெரியும்."

ஆற்றில் ஒரு வாழைக்குற்றி மிதந்து போயிற்று. இரத்தினம்மா பேச்சை நிறுத்தவில்லை. வெகுநாள் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோலச் சொன்னாள்.

"கொம்மா கதவடியில நிண்டா. கொம்மாட தம்பி வேற மருத்துவிச்சிக்கு வண்டி பூட்ட நிண்டார். நான் பேசாம இருந்தா, இவளுக்குத் தொழில் தெரியா எண்டுவாங்க. முக்கு எண்டா எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க, என்னப் பாக்கமாட்டாங்க. உனக்கு வயசு பதினேழு. மறந்திருவாய் எண்டு நினைச்சன்."

சின்னத்தங்கத்தின் கையில் அரிசிப் பெட்டி இருந்தது. அதை ஆற்றில் எறியவேண்டும் என்று வந்தது. எறியவில்லை. தோணி வந்ததும் பெட்டியைத் தோணிக்குள் வைத்தாள். மருத்துவிச்சி ஏறி உட்கார்ந்து, முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வட்டையிலிருந்து அருமைநாயகம் வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். மூத்த பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து தான் சொன்ன சொல் அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண்ணை உயர்த்தவில்லை. இந்த வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று அவள் சொன்னபோது, ஏன் என்றும் கேட்கவில்லை. மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கம்பு வெட்டப் போனான். தை பிறந்து, வெள்ளம் வடிந்ததும் வட்டை வாடியை மண்சுவர் வைத்து வீடாக்கினான். மூத்தவளுக்குத் தங்கைமேல் எரிச்சல் என்று ஆச்சிப்பிள்ளை ஊருக்குச் சொன்னாள். அதுவும் ஒட்டிக்கொண்டது.

அந்த வட்டை வீட்டில் சின்னத்தங்கத்துக்கு மற்றுமொரு பெண் பிறந்தது. தாய்க்கும் சொல்லி அனுப்பவில்லை, மருத்துவிச்சிக்கும் சொல்லி அனுப்பவில்லை. அருமைநாயகம் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை வந்ததும் அவன்தான் அழுதான்.

முப்பத்தொன்பது ஆவணியில் கண்ணகைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த செய்தி வந்தது. ஒரு மாதம் கழித்து வண்டியில் ஏறி அவளே வட்டைக்கு வந்தாள். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சின்னத்தங்கம் அவித்த நெல்லைப் பாயில் பரப்பிக் காகத்துக்குக் காவல் இருந்தாள். தங்கைக்கு மோர் கொடுத்தாள். பிள்ளையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மழை எப்போது வரும், விதைப்பு எப்போது என்று பேசினார்கள்.  கண்ணகை பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, இந்தப் புள்ளைக்கு நான் முக்கல்ல. இரத்தினம்மா மாமி வாசல் படலையடிக்கு வருமுன்னமே அதுவா வந்தித்து. பிடிச்சு நிப்பாட்டப் பாத்தன், ஏலல்ல."

"ஓம்."

"மூத்தவனுக்கும் அப்பிடித்தானே? நீ என்னப் படுக்க வச்ச. இப்பதான் நினைவு வந்தித்து."

"ஓம்."

சின்னத்தங்கம் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"இத அம்மாட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லுவியா?"

கண்ணகை குனிந்துகொண்டாள். பிள்ளையை மற்ற மார்புக்கு மாற்றினாள். சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் முகத்தை வெயிலுக்கு மறைத்தாள்.

"அம்மாக்கு இப்ப உடம்புக்கு ஏலாதக்கா, எப்பிடிச் சொல்ற?" என்றாள்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு, சின்னத்தங்கம் தடியை எடுத்துக்கொண்டு காகம் துரத்த எழுந்தாள்.